தொடர்பில்லா விநியோகம்: தோற்றமும் செயல்பாடும்

பொருளைக் கொண்டுவருபவரும் அதைப் பெற்றுக்கொள்பவரும் நேருக்கு நேர் நிற்காமல், கைக்குக் கை மாற்றாமல் பொருளைச் சேர்ப்பிக்கும் முறை தொடர்பில்லா விநியோகம் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதைக் கான்டாக்ட்லெஸ் டெலிவரி என்றே பலரும் சொல்கின்றனர். 2020ஆம் ஆண்டு கொரோனா பெருந்தொற்றின்போது இச்சொல் உலகெங்கும் பரவியது. சொல் புதிது, முறை புதிதன்று. பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு காரணங்களுக்காக மக்கள் இதைக் கையாண்டு வந்துள்ளனர்.

ஒரு பொருள் வாசலில் கைமாறும்போது மூன்று வேலைகள் நடக்கின்றன. பணம் கொடுக்கப்படுகிறது. பொருள் உரியவரிடம்தான் சேர்ந்தது என்பது உறுதியாகிறது. பொருள் குறையில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இம்மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமானால் இருவரும் எதிரெதிரே நின்றாக வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாக வாசலிலிருந்து பிரித்து வேறிடத்துக்கு மாற்றியபோதுதான் சந்திப்பு தேவையற்றதாயிற்று. அவ்வாறு பிரித்த வரலாற்றையும், இன்று அம்முறை செயல்படும் விதத்தையும், அதனால் யாருக்குப் பாதுகாப்பு கிடைத்தது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மௌன வணிகம்

கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ், கார்த்தேஜ் நகர வணிகர்கள் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் நடத்திய வணிகத்தைப் பற்றிக் குறிப்பிட்டுள்ளார். வணிகர்கள் தம் சரக்கைக் கடற்கரையில் வரிசையாக வைத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் புகை எழுப்புவார்கள். புகையைக் கண்டு வரும் உள்ளூர் மக்கள் சரக்குக்கு ஈடாகப் பொன்னை வைத்துவிட்டு விலகிச் செல்வார்கள். வணிகர்கள் மறுபடியும் கரைக்கு வந்து, பொன் போதுமானதாக இருந்தால் எடுத்துக்கொண்டு புறப்படுவார்கள். போதாது என்று தோன்றினால் தொடாமல் கப்பலுக்குத் திரும்பிக் காத்திருப்பார்கள். உள்ளூர் மக்கள் வந்து பொன்னைக் கூட்டி வைப்பார்கள்.

இருதரப்பும் மற்றவரை ஏமாற்றியதில்லை என்று அவர் எழுதுகிறார். வரலாற்று ஆய்வாளர்கள் இத்தகைய வணிகத்தை மௌன வணிகம் என்று அழைக்கின்றனர். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத நிலையிலும், ஒருவரையொருவர் அஞ்சிய நிலையிலும் இது பயன்பட்டது. அடுத்த முறையும் வர வேண்டும் என்ற எண்ணமே இருவரையும் நேர்மையாக வைத்திருந்தது. விலை பேசுவது, பணம் கொடுப்பது, பொருளைச் சோதிப்பது ஆகிய மூன்றும் இங்கே நடந்தன. ஆனால் ஒரே நேரத்தில் நடக்கவில்லை.

எல்லைக் கல்லும் காடியும்

நோய்க்கு அஞ்சி இம்முறையைக் கையாண்டவர்களில் நன்கு அறியப்பட்டவர்கள் இங்கிலாந்தின் டார்பிசயர் பகுதியிலுள்ள ஈம் என்ற சிற்றூரின் மக்கள். 1665ஆம் ஆண்டு செப்டம்பரில் லண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணிக்கட்டோடு பிளேக் நோயும் அவ்வூருக்கு வந்ததாகக் கூறப்படுகிறது. குளிர்காலத்தில் சற்றுத் தணிந்த நோய் அடுத்த ஆண்டு கோடையில் கடுமையாயிற்று.

1666 ஜூன் மாதத்தில் ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து ஒரு முடிவுக்கு மக்களை இணங்கச் செய்தனர். ஊரைவிட்டு யாரும் வெளியேறுவதில்லை. வெளியிலிருந்து யாரும் உள்ளே வருவதில்லை. அக்கம்பக்கத்து ஊரார் உணவையும் மருந்தையும் ஊர் எல்லையில் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லையில் இருந்த ஒரு கல்லில் குழிகள் வெட்டி, அவற்றில் காடியை நிரப்பி, விலைக்குரிய நாணயங்களை அதில் இட்டு வைத்தார்கள். காடி நோயைக் கழுவிவிடும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அருகிலிருந்த சாட்ஸ்வொர்த் மாளிகையின் டெவன்சயர் பிரபு உணவுப் பொருள்கள் அனுப்பி உதவினார். துளைகள் உள்ள அந்த எல்லைக் கல்லும், பொருள்கள் வைக்கப்பட்ட இடங்களில் ஒன்றான மாம்பெசன் கிணறும் இன்றும் அங்கே உள்ளன.

அவ்வூரில் ஏறத்தாழ 260 பேர் இறந்தனர் என்பது மரபாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. மாம்பெசனின் மனைவியும் அவர்களுள் ஒருவர். நோய் சுற்று வட்டாரத்துக்குப் பரவாமல் நின்றதற்கு அவர்களது முடிவே காரணம் என்று போற்றப்படுகிறது. இந்நிகழ்வில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலகி நிற்பது என்று முடிவு செய்தவர்கள் ஆபத்தில் இருந்தவர்களே. பிறரைக் காப்பதற்காக அவர்கள் தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டார்கள்.

முன்பணமும் கதவிலுள்ள துளையும்

அமைதிக் காலத்தில், நாள்தோறும், எல்லா வீடுகளுக்கும் நடக்கும் தொடர்பில்லா விநியோகத்துக்கு வழி திறந்தது அஞ்சல் துறை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். கட்டணம் தொலைவையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்து மாறியது. அஞ்சல்காரர் ஒவ்வொரு வாசலிலும் கதவைத் தட்டி, ஆள் வரும்வரை நின்று, கணக்குச் சொல்லி, பணம் வாங்கி, சில்லறை கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது. பெறுபவர் வேண்டாம் என்று மறுத்தால் கடிதம் திரும்பிச் சென்றது.

ரோலண்ட் ஹில் என்பவர் இதை மாற்றினார். அவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1837ஆம் ஆண்டு வெளியிட்ட அஞ்சல் சீர்திருத்தம் பற்றிய சிறு நூலில், கட்டணத்தை அனுப்புபவரே முன்கூட்டிச் செலுத்த வேண்டும் என்றும், தொலைவு எதுவானாலும் ஒரே கட்டணம் போதும் என்றும் அவர் வாதிட்டார். 1840 ஜனவரி 10 அன்று ஒரு பென்னி கட்டணம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு மே மாதம் உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையான பென்னி பிளாக் வெளியாயிற்று.

பணம் முன்னரே செலுத்தப்பட்டதால் அஞ்சல்காரர் வாசலில் காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. கதவில் ஒரு துளை இருந்தால் கடிதத்தை உள்ளே தள்ளிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். அத்துளைகள் மெல்ல மெல்ல ஊரெங்கும் பரவின. இந்தியாவில் 1854ஆம் ஆண்டு நாடு முழுமைக்கும் பொதுவான அஞ்சல்தலைகள் அறிமுகமாயின. தொலைவைக் கருதாமல் குறிப்பிட்ட எடையுள்ள கடிதத்துக்கு அரையணா கட்டணம் என்று ஆனது. அஞ்சல்தலை ஒட்டாத கடிதமானால் பெறுபவரிடம் இரட்டிப்புக் கட்டணம் வாங்கப்பட்டது. அந்த வகைக் கடிதத்துக்கு மட்டும் பழைய சந்திப்பு தொடர்ந்தது.

இந்தியாவின் இரு வழிகள்

இந்திய அஞ்சல் துறை இதற்கு எதிரான இன்னொரு வழியையும் வளர்த்தது. 1877ஆம் ஆண்டு வி.பி.பி. எனப்படும் மதிப்பு செலுத்திப் பெறும் அஞ்சல் முறை தொடங்கியது. நூலோ மருந்தோ வீட்டுக்கு வரும். அதன் விலையை அஞ்சல்காரரிடம் கொடுத்தால்தான் பொட்டலம் கைக்கு வரும். 1880ஆம் ஆண்டு மணியார்டர் வந்தது. அதில் அஞ்சல்காரர் பணத்தை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கினார். முன்பின் அறியாத கடைக்காரருக்குப் பணத்தை முன்னதாக அனுப்பத் தயங்கிய மக்களுக்கு வி.பி.பி. நம்பிக்கை அளித்தது. எனவே நம் நாட்டில் வாசல் சந்திப்பு நீண்டகாலம் வலுவாக இருந்தது.

அதே சமயம் பழகியவர்களுக்கிடையே சந்திப்பில்லா முறையும் இருந்தது. விடியற்காலையில் வாசலில் விழும் செய்தித்தாளுக்கு மாதக் கடைசியில்தான் பணம். தமிழ்நாட்டு நகரங்களில் வாசற்கதவில் மாட்டிய பையில் பால் பாக்கெட் வந்து விழுகிறது. ஆவின் நிறுவனத்தின் மாதாந்திரப் பால் அட்டையில் பணம் முன்னதாகவே கட்டப்படுகிறது. இவற்றில் எதுவும் புதுமை என்று பேசப்பட்டதில்லை. நாள்தோறும் ஒரே ஆள், ஒரே பொருள், ஒரே அளவு என்பதால் வாசலில் பேச வேண்டிய எதுவும் இருக்கவில்லை.

இணைய வணிகம் இந்தியாவுக்கு வந்தபோது பழைய வி.பி.பி. புதிய பெயரில் திரும்பியது. 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிளிப்கார்ட், 2010ஆம் ஆண்டு பொருள் கைக்கு வந்தபின் பணம் தரும் கேஷ் ஆன் டெலிவரி முறையை அறிமுகப்படுத்தியது. கடன் அட்டை இல்லாதவர்களும், இணையத்தில் பணம் செலுத்த அஞ்சியவர்களும் இதனால் வாங்கத் தொடங்கினர். அதே காலத்தில் பிற நாடுகள் ஆளில்லாப் பெட்டிகளை நோக்கிச் சென்றன. ஜெர்மனியில் 2001ஆம் ஆண்டு பாக்ஸ்டேசன் எனப்படும் பொதுப் பெட்டகங்கள் சோதனையாக வைக்கப்பட்டன. அமேசான் நிறுவனம் 2011ஆம் ஆண்டு தன் பெட்டகங்களைத் தொடங்கியது. குறியீட்டு எண்ணை அழுத்தினால் கதவு திறக்கும், பொட்டலத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் பணம் வாசலிலிருந்து பிரிந்ததற்கு முக்கியக் காரணம் யு.பி.ஐ. எனப்படும் ஒருங்கிணைந்த பணப்பரிமாற்ற முறை. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் இதை 2016ஆம் ஆண்டு தொடங்கியது. 2019 அக்டோபரில் ஒரு மாதத்தில் நடந்த பரிமாற்றங்கள் 100 கோடியைத் தாண்டின. 2023 ஆகஸ்டில் அது 1000 கோடியைக் கடந்தது. பெருந்தொற்று வந்தபோது கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பழக்கம் நகரங்களில் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. இல்லாவிட்டால் நம் நாட்டில் தொடர்பில்லா விநியோகம் அத்தனை விரைவாகப் பரவியிருக்க முடியாது.

வூகானில் தொடக்கம்

2020 ஜனவரி 23 அன்று சீனாவின் வூகான் நகரம் அடைக்கப்பட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வீட்டுக்குள் இருந்தனர். அவர்களுக்கு உணவும் மருந்தும் கொண்டுசென்றவர்களில் பெரும்பங்கினர் செயலிவழி விநியோகப் பணியாளர்கள். அம்மாத இறுதியில் மெய்துவான் நிறுவனம் வூகானில் தொடர்பில்லா விநியோகம் என்ற பெயரிலேயே ஒரு சேவையைத் தொடங்கிப் பிற நகரங்களுக்கும் விரிவாக்கியது. வாடிக்கையாளர் பொருளை எங்கே வைக்க வேண்டும் என்று செயலியில் குறிப்பிடுவார். பணியாளர் அங்கே வைத்துவிட்டுத் தகவல் கொடுப்பார்.

உணவுப் பொட்டலங்களோடு ஒரு சிறு அட்டையும் வரத் தொடங்கியது. சமைத்தவர், பொட்டலம் கட்டியவர், கொண்டுவந்தவர் ஆகியோரின் உடல் வெப்பநிலை அதில் எழுதப்பட்டிருந்தது. பெயர் தெரியாத சிலரின் காய்ச்சல் கணக்கு உணவோடு சேர்ந்து வந்தது உணவு விநியோக வரலாற்றில் புதியது. மார்ச் மாதத்துக்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல நிறுவனங்கள் பொருளை வாசலில் வைத்துவிட்டுப் போகும் தெரிவைத் தம் செயலிகளில் சேர்த்தன.

இந்தியாவில் ஊரடங்குக் காலம்

இந்தியாவில் 2020 மார்ச் 25 முதல் 21 நாள் நாடு தழுவிய ஊரடங்கு அமலுக்கு வந்தது. உணவு, மருந்து, மருத்துவக் கருவிகள் ஆகியவற்றை இணைய வணிகம் மூலம் கொண்டுசேர்க்க மத்திய உள்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் அனுமதித்தது. தமிழ்நாட்டில் தொடக்க நாள்களில் செயலிவழி உணவு விநியோகத்துக்குத் தடை இருந்தது; பிறகு வேளைக்குச் சில மணி நேரம் என்ற வரையறையுடன் அனுமதிக்கப்பட்டது. சோமாட்டோ, சுவிக்கி, டோமினோஸ் போன்ற நிறுவனங்கள் மார்ச் மாதத்திலேயே தொடர்பில்லா விநியோகத்தைத் தொடங்கிவிட்டன. பல நிறுவனங்கள் தம் பணியாளர்களுக்கு ஆரோக்கிய சேது செயலியைக் கட்டாயமாக்கின.

2020 ஏப்ரல் நடுவில் தெற்கு டெல்லியின் மாளவியா நகர்ப் பகுதியில் பீட்சா கொண்டுசென்ற பணியாளர் ஒருவருக்குக் கொரோனா தொற்று உறுதியாயிற்று. அவர் உணவு கொண்டுசென்ற 72 குடும்பங்கள் வீட்டிலேயே தனிமைப்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டன. இச்செய்தி நாடெங்கும் அச்சத்தை உண்டாக்கியது. பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் விநியோகப் பணியாளர்களை வாயிலிலேயே நிறுத்தின. வாயிலருகே ஒரு மேசை, அதன்மேல் பொட்டலங்கள், பக்கத்தில் கைச்சுத்திகரிப்பான் என்ற காட்சி வழக்கமாயிற்று. அந்தப் பணியாளருக்கு நோய் யாரிடமிருந்து வந்திருக்கும் என்பதைக் காட்டிலும், அவரிடமிருந்து யாருக்குப் போயிருக்கும் என்ற கேள்வியே அதிகம் பேசப்பட்டது.

செயல்படும் முறை

இன்றைய தொடர்பில்லா விநியோகம் ஒன்றன்பின் ஒன்றாகப் பல படிகளைக் கொண்டது.

முதலாவது, பொருளைத் தெரிவு செய்தல். வாடிக்கையாளர் செயலியில் பொருளைத் தெரிவு செய்து, வாசலில் வைக்கவும் அல்லது காவலரிடம் கொடுக்கவும் என்பது போன்ற குறிப்பைச் சேர்க்கிறார்.

இரண்டாவது, பணம். யு.பி.ஐ., வங்கி அட்டை, மின்பணப்பை ஆகியவற்றில் ஒன்றின் மூலம் பணம் முன்னதாகவே செலுத்தப்படுகிறது. வாசலில் வைக்கும் தெரிவு பெரும்பாலும் முன்பணம் செலுத்தியவர்களுக்கே கிடைக்கும்.

மூன்றாவது, பணி ஒப்படைப்பு. கடைக்கு அருகில் இருக்கும் பணியாளர்களில் ஒருவரை நிறுவனத்தின் கணினி நிரல் தேர்ந்தெடுக்கிறது. தொலைவு, கடை உணவைத் தயாரிக்க எடுக்கும் நேரம், அவர் கையில் ஏற்கெனவே உள்ள வேலை ஆகியவற்றைக் கணக்கிட்டு அது முடிவு செய்கிறது. வாடிக்கையாளருக்குச் சொல்லப்படும் நேரத்தையும் அந்நிரலே கணிக்கிறது.

நான்காவது, வழித்தடம். கைப்பேசியின் ஜி.பி.எஸ். வசதியால் பணியாளர் எங்கே வருகிறார் என்பது வாடிக்கையாளரின் திரையில் தெரிகிறது.

ஐந்தாவது, சேர்ப்பித்தல். பணியாளர் பொருளைக் கதவருகே வைத்து, மணியடித்து, விலகி நிற்கிறார் அல்லது கைப்பேசியில் அழைக்கிறார். பொருள் வைக்கப்பட்ட இடத்தைப் படம் பிடித்து அனுப்புவதும் உண்டு. மதிப்புமிக்க பொருளானால் வாடிக்கையாளரின் கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு எண்ணைச் சொல்ல வேண்டும். கையெழுத்தின் இடத்தை அந்த எண் எடுத்துக்கொண்டது.

ஆறாவது, முறையீடும் மதிப்பீடும். பொருளில் குறை இருந்தால் வாடிக்கையாளர் படம் எடுத்துச் செயலியில் அனுப்புகிறார். பணியாளருக்கு நட்சத்திரக் குறியிட்டு மதிப்பெண் கொடுக்கிறார்.

பணம் முன்னே போயிற்று. சரிபார்ப்பு பின்னே போயிற்று. உறுதிப்படுத்தல் கைப்பேசிக்குள் போயிற்று. ஆனால் இதனால் புதிய சிக்கல்களும் வந்தன. வாசலில் வைத்த பொட்டலம் காணாமல் போனால் யார் பொறுப்பு? மழையில் நனைந்தால்? குரங்கோ நாயோ இழுத்துச் சென்றால்? நேரில் கொடுத்திருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும் இத்தகைய பிணக்குகள் இப்போது தொலைபேசி உரையாடலாகவும் படமாகவும் நீள்கின்றன. படம் தெளிவாக இல்லையென்றால் சந்தேகம் பணியாளர்மேல் விழுகிறது.

அறிவியல் சொன்னது

2020 மார்ச் மாதம் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வகச் சூழலில் கொரோனா வைரஸ் நெகிழியின்மீது 72 மணி நேரம் வரையிலும், அட்டையின்மீது 24 மணி நேரம் வரையிலும் கண்டறியப்பட்டதாகத் தெரிவித்தது. மக்கள் பால் பாக்கெட்டைச் சோப்பு நீரில் கழுவினர். காய்கறியை மஞ்சள் நீரில் ஊறவைத்தனர். பொட்டலங்களை வெயிலில் வைத்தனர். நோய் முதன்மையாகக் காற்றின் வழியே, நெருங்கி இருப்பவர்களிடையே பரவுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. நோய்த்தொற்று பற்றிய ஓர் பரப்பைத் தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது.

ஆகவே பயன்பட்டது பொட்டலத்தைத் துடைத்தது அன்று. இரு மனிதர்கள் ஒருவர் மூச்சுக்காற்று மற்றவர்மேல் படாமல் விலகி நின்றதே. அந்த விலகல் வீட்டுக்குள் இருந்தவரைக் காத்ததைப் போலவே வாசலில் நின்றவரையும் காத்தது. ஒரே நாளில் பல வீடுகளுக்குச் செல்பவர் அவர் என்பதால் அவருக்கு அது கூடுதலாகவே தேவைப்பட்டது. ஆயினும் கடையில் கூட்டமாகக் காத்திருந்தபோதும், மின்தூக்கியில் சென்றபோதும் அவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

ஆளில்லா ஊர்திகள்

சந்திப்பை மட்டுமன்றிக் கொண்டுவருபவரையே நீக்கும் முயற்சிகளும் பெருந்தொற்றுக்கு முன்பே தொடங்கியிருந்தன. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரில் 2018ஆம் ஆண்டு முதல் ஸ்டார்ஷிப் நிறுவனத்தின் ஆறு சக்கரச் சிறு ஊர்திகள் நடைபாதையில் சென்று மளிகைப் பொருள்களைக் கொண்டுசேர்க்கின்றன. ஆப்பிரிக்காவின் ருவாண்டாவில் 2016ஆம் ஆண்டு முதல் சிப்லைன் நிறுவனத்தின் ஆளில்லா வானூர்திகள் தொலைதூர மருத்துவமனைகளுக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்கின்றன. ஊர்தி தரையிறங்குவதில்லை, பொட்டலம் சிறு வான்குடையில் கீழே இறங்கும்.

இந்தியாவில் 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விக்காராபாத்தில் மருந்துகளை வானூர்தியில் அனுப்பும் சோதனைத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் மணிப்பூரின் பிஷ்ணுபூரிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள காரங் தீவுக்குக் கொரோனா தடுப்பூசிகள் ஆளில்லா வானூர்தியில் சென்றன. வான்வழியே 15 கிலோமீட்டர். ஏறத்தாழ கால் மணி நேரப் பயணம். சாலை மோசமான இடத்திலும் தண்ணீர் சூழ்ந்த இடத்திலும் இம்முறையின் பயன் தெளிவு. சாலையும் ஆளும் உள்ள நகரத்திலோ, இந்தியாவில் இன்றும் பெரும்பாலான பொட்டலங்களை இருசக்கர வாகனத்தில் வரும் மனிதரே கொண்டுவருகிறார்.

வெளியே நின்றவர்

தொடர்பில்லா விநியோகம் ஆபத்தை முற்றிலும் நீக்கவில்லை. அதை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றியது. ஒருவர் வீட்டில் இருக்க வேண்டுமானால் இன்னொருவர் வெளியே போக வேண்டியிருந்தது. 2020 மார்ச் 30 அன்று அமெரிக்காவில் இன்ஸ்டாகார்ட் செயலியில் மளிகை வாங்கித் தரும் பணியாளர்களில் ஒரு பகுதியினர், பாதுகாப்புக் கருவிகளும் இடர்ப்படியும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். இந்தியச் செயலிகள் பணியாளரின் உடல் வெப்பநிலையை வாடிக்கையாளருக்குக் காட்டின. வாடிக்கையாளரின் வெப்பநிலையைப் பணியாளருக்குக் காட்டும் ஏற்பாடு அவற்றில் இல்லை.

2020 செப்டம்பரில் சீன இதழான ரென்வூ, விநியோகப் பணியாளர்கள் கணினி நிரலின் நேரக் கணக்குக்குள் சிக்கியிருப்பதைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டது. நிரல் குறிக்கும் நேரத்துக்குள் போய்ச் சேர அவர்கள் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுவதையும் சிவப்பு விளக்கைத் தாண்டுவதையும் அது விவரித்தது. கட்டுரை பரவலாகப் படிக்கப்பட்டது. சில நாள்களில் எலெமே நிறுவனம் வாடிக்கையாளர் விரும்பினால் ஐந்து அல்லது பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்கும் தெரிவை அறிவித்தது. மெய்துவான் எட்டு நிமிட நெகிழ்வு நேரம் தருவதாகக் கூறியது.

இடைவெளியின் இரு பொருள்கள்

இந்தியாவில் தொடாமல் கொடுப்பது என்பதற்கு வேறொரு வரலாறும் உண்டு. கையில் படாமல் மேலிருந்து தண்ணீரை ஊற்றியதும், காசைத் தரையில் வைக்கச் சொன்னதும், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்ததும் நோய்க்கு அஞ்சிச் செய்தவை அல்ல. சாதியின் பெயரால் மனிதரை இழிவுபடுத்தச் செய்தவை. 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் இரட்டைக் குவளை முறை அதன் பின்னரும் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் நீடித்ததை ஆய்வுகளும் செய்திகளும் பதிவு செய்துள்ளன.

எனவே இந்நாட்டில் இடைவெளி என்பது இருவகைப் பொருள் தரக்கூடியது. இருவரையும் நோயிலிருந்து காக்கும் இடைவெளி ஒருவகை. ஒருவரை மட்டும் தூர நிறுத்தும் இடைவெளி இன்னொரு வகை. பெருந்தொற்று தணிந்த பிறகும் சில குடியிருப்புகளில் விநியோகப் பணியாளர்கள் பொது மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்ற அறிவிப்புகள் தொங்குவது பற்றி அவ்வப்போது சர்ச்சை எழுகிறது. நோய்த்தடுப்பு என்ற காரணம் போன பின்பும் தடை மட்டும் நிற்குமானால், அது எவ்வகை இடைவெளி என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈம் ஊரார் விலகி நின்றது பிறர் நலம் கருதி. அந்த எல்லைக் கல்லுக்கும் தனிக் குவளைக்கும் உள்ள வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

சட்டப் பாதுகாப்பு

விநியோகப் பணியாளர்களை நிறுவனங்கள் ஊழியர்கள் என்று அழைப்பதில்லை. கூட்டாளிகள் என்றே அழைக்கின்றன. இதனால் வருங்கால வைப்பு நிதி, மருத்துவக் காப்பீடு போன்றவை அவர்களுக்கு இயல்பாகக் கிடைப்பதில்லை. இத்தகைய பணியாளர்களுக்கு கிக் தொழிலாளர் என்ற பெயர் வழக்கில் உள்ளது. நிதி ஆயோக் 2022 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, 2020-21இல் இந்தியாவில் 77 லட்சம் கிக் தொழிலாளர்கள் இருந்ததாகவும், 2029-30இல் அது 2.35 கோடியாக உயரக்கூடும் என்றும் மதிப்பிட்டது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களை முதன்முறையாகச் சட்டத்தில் வரையறுத்தது. செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு வரை நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று அது கூறுகிறது. இத்தொகுப்பு 2025 நவம்பரில்தான் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. இதற்கிடையே ராஜஸ்தான் 2023ஆம் ஆண்டு இவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது. தமிழ்நாட்டில் தனி நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தம் விடுதலை நாள் உரையில் அறிவித்தார். அவ்வாண்டு இறுதியில் வாரியம் உருவாக்கப்பட்டது. சென்னை மாநகராட்சி 2025ஆம் ஆண்டு இப்பணியாளர்களுக்காகக் குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது. வெயிலில் வண்டியோரம் நின்று அடுத்த அழைப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு அமர இடமும் குடிநீரும் கழிப்பறையும் கிடைப்பது சிறு செய்தியன்று.

இன்றைய நிலை

ஊரடங்கு முடிந்து ஆண்டுகள் பல கடந்தபின்பும், வாசலில் வைத்துவிட்டுப் போகவும் என்ற குறிப்பு செயலிகளில் நிலைத்துவிட்டது. குழந்தை உறங்கும் வீடு, முதியவர் தனித்திருக்கும் வீடு, அலுவலகம் சென்றவர் வீடு என நோயோடு தொடர்பில்லாத காரணங்களுக்காக மக்கள் அதைத் தேர்ந்தெடுக்கின்றனர். பணியாளருக்கும் சில வேளைகளில் அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

பொன்னை வைத்துவிட்டு விலகிய ஆப்பிரிக்கக் கரையோர மக்கள் முதல், எண்ணைத் தட்டிப் பெட்டகத்தைத் திறக்கும் நகரவாசி வரை இம்முறை நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. முன்பு அந்த நம்பிக்கை வணிகரிடமும் அஞ்சல் துறையிடமும் இருந்தது; இப்போது செயலி நிறுவனத்திடம் இருக்கிறது. கதவைத் திறக்கும்போது பொட்டலம் மட்டும் தெரிந்தாலும், அதை வெயிலிலும் மழையிலும் கொண்டுவந்து வைத்த ஒருவர் உண்டு. அவரது விபத்துக் காப்பீடு, நியாயமான நேரக் கணக்கு, வழங்கப்படும் கூலி, மின்தூக்கியில் ஏறும் உரிமை ஆகியவை சரியாக இருந்தால்தான் இம்முறை இருபுறமும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியும்.